பழைய டிஸ்க் இருக்கும் இடம்

அக்டோபர் 6, திங்கள்

எழுந்ததும் முதல் வேலையாக லேப்டாப்பின் பொத்தானை அழுத்திவிட்டுத்தான் முகம் கழுவப் போனேன். வாசல் தெளித்து, பால் காய்ச்சி, தாரணிக்கு இரட்டை ஜடை போட்டு முடிக்கிற வரைக்கும் அது திறந்துகொண்டே இருந்தது. நீல வட்டம் நின்றபோது இட்லி இரண்டு ஈடு எடுத்திருந்தேன். என் வீட்டுக்காரர் ஷார்ஜா போய் முதல் விடுமுறையில் வாங்கி வந்த லேப்டாப். உள்ளே ஹார்ட் டிஸ்க் கறகறவென்று அரைக்கிற சத்தம் சமையலறை வரை கேட்கிறது.

இந்த டைரி ஜவுளிக்கடையில் கொடுத்தது. ஒன்பது மாதப் பக்கங்கள் வெறுமையாகக் கிடக்க, நடுவிலிருந்து ஆரம்பிக்கிறேன். இதுவரை லேப்டாப்பிலேயே ஒரு ஃபைலில் எழுதிவந்தேன். டிஸ்க் எப்போது போகுமோ தெரியாது, அதனால் காகிதத்துக்கு மாறியிருக்கிறேன். அது மட்டும்தான் காரணம். கேழ்வரகு டப்பாவுக்குள் வைக்கப்போகிறேன். அங்கே பூச்சி வராது.

பத்து மணிக்கு ஒரு மெயில். ஆகஸ்டில் பெரியம்மா வீட்டு விசேஷத்துக்குக் கோயமுத்தூர் போனபோது, அப்படியே ஒரு கைடு கம்பெனிக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தேன். கணக்குப் பாடத்துக்கு எடிட்டராக என்னை எடுத்துக்கொள்கிறார்களாம். தீபாவளி கழித்துச் சேர வேண்டும். பதினெட்டாம் தேதிக்குள் சம்மதம் எழுதவேண்டும். வளர்மதி என்று கையெழுத்து.

எம்.எஸ்.சி. படித்துவிட்டு இத்தனை வருடமாக வீட்டிலிருந்து விடைத்தாள் திருத்திக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். என் நாற்பத்தாறாவது வயதில் ஒருவர் 'வாருங்கள்' என்கிறார். மூன்று தடவை படித்தேன். வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை. தீபாவளிக்கு ஈரோடு வருகிறாரே, அப்போது நேரில் சொல்லிக்கொள்ளலாம்.

அக்டோபர் 7, செவ்வாய்

பதில் எழுத உட்கார்ந்தேன். 'மதிப்பிற்குரிய வளர்மதி அவர்களுக்கு, தங்கள் அழைப்பை மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொள்கிறேன்' என்று அடித்தேன். அதற்குள் பருப்பு பொங்கும் சத்தம் கேட்டு எழுந்து போனேன். திரும்பி வந்தபோது வரி குறைந்துகொண்டிருந்தது. 'கொள்கிறேன்' போயிற்று. 'ஏற்று' போயிற்று. பின்னாலிருந்து ஒவ்வொரு எழுத்தாக, ஒரு அவசரமும் இல்லாமல். எல்லாம் அழிந்த பிறகு மவுஸ் அம்பு மெதுவாக மேலே போய் அந்தப் பக்கத்தை மூடியது.

நான் கரண்டியும் கையுமாக நின்றிருந்தேன்.

பேக்ஸ்பேஸ் கீ சிக்கியிருக்க வேண்டும். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு எல்லாக் கீயையும் துடைத்தேன். டிஸ்க் பழசானால் அம்புகூடத் தாறுமாறாகப் போகும் என்று எங்கோ படித்த மாதிரி ஞாபகம்.

இரண்டு வருடத்துக்கு முன் பிரின்டர் மக்கர் செய்தபோது அவர் அங்கிருந்தே இந்த லேப்டாப்புக்குள் வந்து சரிசெய்து கொடுத்தார். அதற்கென்று ஒரு புரோகிராம் போட்டு வைத்திருக்கிறார். நெட்வொர்க் வேலை, ராத்திரி ஷிப்ட். எங்கள் வீட்டில் லேப்டாப், என் போன், தாரணியின் போன் எல்லாம் அவர் கையால் தயார் செய்தவைதான். பேசுகிற பேச்சுகூட ரெகார்ட் ஆகிற மாதிரி வைத்திருக்கிறார். நல்லதுக்குத்தான்.

மத்தியானம் போன் செய்தார். குரல் ரொம்பக் கனிவாக இருந்தது.

"சாப்ட்டியா அம்மிணி?"

"ஆச்சுங்க. நீங்க?"

"இனிமேத்தான். நான் எதுக்கு இந்த ஊர் வெக்கைல கெடந்து வேகறேன், சொல்லு? நீயும் பாப்பாவும் ஊட்ல நிம்மதியா இருக்கோணும்னுதான். பாப்பா ப்ளஸ் டூ முடிக்கட்டும். அதுவரைக்கும் நீ எங்கியும் அலைய வேண்டாம்."

நான் அலைவதைப் பற்றி எதுவும் பேசவே இல்லை. 'சரிங்க' என்றேன். முன்பு எப்போதாவது வேலை ஆசையைச் சொல்லியிருப்பேன், அதை மனதில் வைத்துப் பேசியிருப்பார்.

அக்டோபர் 9, வியாழன்

இரண்டு நாளாகப் பதில் எழுதவில்லை. டிஸ்க்கை முதலில் மாற்றிவிடலாம் என்று தோன்றியது. எஸ்.எஸ்.டி. என்கிற புது வகை டிஸ்க்கைப் போட்டால் பால் காய்வதற்குள் திறந்துவிடுமாம். இன்று முழுக்க அதைத்தான் படித்தேன்.

கணக்குப் படித்தவளுக்கு இது ஒன்றும் கஷ்டமில்லை. இரண்டு வகை இருக்கிறது. ஒன்று சூயிங்கம் மாதிரி நீளமான குச்சி. லேப்டாப்பின் உள்ளே அதற்கென்று தனி இடம் காலியாக இருக்கும். பழைய டிஸ்க் அதன் இடத்திலேயே இருக்க, இது பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். வேகம் அதிகம். இன்னொன்று தட்டையான பெட்டி, பழைய டிஸ்க்கின் அதே அளவு. அதைப் போட வேண்டுமென்றால் பழையதைக் கழற்றியே ஆகவேண்டும். வேகம் குறைவு. எங்கே படித்தாலும் குச்சியைத்தான் வாங்கச் சொல்கிறார்கள்.

போட்ட பிறகு பழையதில் இருப்பதை அப்படியே நகல் எடுக்கலாம், குளோன் என்கிறார்கள். இல்லையென்றால் விண்டோஸைப் புதிதாகப் போட்டு, வேண்டிய ஃபைல்களை மட்டும் கொண்டுவந்துகொள்ளலாம்.

சாயந்திரம் அவர்.

"எஸ்.எஸ்.டி. தேடறயாக்கும்?"

துணி மடித்துக்கொண்டிருந்தேன். கை நின்றது.

"சும்மா பாத்தனுங்க. ரொம்ப ஸ்லோவா இருக்குதுங்க."

"எங்கிட்டச் சொல்றதுக்கென்ன? குச்சி மாதிரி இருக்கறதை நானே இங்கிருந்து வாங்கியாறேன். நானே குளோன் போட்டுத் தரேன். பழசும் அப்படியே உள்ளயே இருக்கட்டும். கடைகண்ணில குடுத்துப்போடாதே. போட்டோவையெல்லாம் உருவிக்குவானுக."

"சரிங்க."

"கோவமா?"

"இல்லீங்க."

"அப்பறம் ஏன் கொரலு ஒரு மாதிரி இருக்குது?"

தாரணியிடம், "அப்பாகிட்ட டிஸ்க் மாத்தறதைப் பத்திச் சொன்னியா?" என்று கேட்டேன். "டிஸ்க்கா? நானா? எனக்கே இப்பத்தான் தெரியுது" என்றாள்.

அக்டோபர் 10, வெள்ளி

தாரணி வீட்டுப்பாடத்துக்கு லேப்டாப்பை வாங்கியவள், "அம்மா, இது லேப்டாப்பா, ஹேர் டிரையரா? இப்படிக் கொதிக்குது!" என்று கத்தினாள். பிறகு, "இங்க வாங்க, ஒரு மேஜிக் காட்டறேன்" என்று வைஃபையை அணைத்தாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே இருந்த விசிறி அடங்கியது. கறகற சத்தமும் நின்றது. மறுபடி வைஃபை போட்டாள். மறுபடி இரைச்சல்.

"பாத்தீங்களா? நெட் இல்லாட்டி சமத்தா இருக்குது."

தற்செயல் என்றேன். அவள் டியூஷன் போன பிறகு நானும் அணைத்துப் பார்த்தேன். அடங்கியது. அப்படியே விட்டுவிட்டு, அந்த அமைதியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன்.

போன் அடித்தது.

"நெட் போயிருச்சா அம்மிணி?"

அக்டோபர் 12, ஞாயிறு

அவர் என்மேல் கை நீட்டியதில்லை. ஒரு தடவைகூட இல்லை. இதை எழுதிவைக்க வேண்டும்.

அக்டோபர் 13, திங்கள்

தாரணி பள்ளிக்குப் போனதும் லேப்டாப்பைக் காய்கறிப் பையில் வைத்து, மேலே ஒரு கட்டுக் கீரையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். ஸ்கூட்டி போர்டிகோவிலேயே நிற்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் லீவு முடிந்து கிளம்பும்போது சாவியைத் தெரியாமல் தன் பெட்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டார். 'பூட்டை உடைச்சுப்போடாதே, நான் கொண்டாறேன்' என்றார். அதற்கடுத்த லீவுக்கு வந்தபோதும் மறந்துவிட்டார். போனை வீட்டிலேயே வைத்துவிட்டேன். சார்ஜ் குறைவாக இருந்தது.

மேட்டூர் ரோட்டில் மாடியில் ஒரு கடை. ஃபெரோஸ் என்பவர் நடத்துகிறார். என் வயதுதான் இருக்கும், ஆனாலும் அக்கா என்றார். பையிலிருந்து கீரையும் லேப்டாப்பும் வெளியே வந்ததைப் பார்த்து, "ரெண்டையும் ஆயணுமாக்கா?" என்றார். சிரித்துவிட்டேன். சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் பட்டது.

லேப்டாப்பைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார். "என்னக்கா, மாவு மில்லைத் தூக்கிட்டு வந்திருக்கீங்க?" பிறகு எதையோ ஓடவிட்டுப் பார்த்தார். சிரிப்பு குறைந்தது.

"டிஸ்க்கு நல்லாத்தான் இருக்கு. இன்னும் ரெண்டு மூணு வருஷம் ஓடும்."

"அப்பறம் ஏன் இவ்வளவு ஸ்லோ?"

"பின்னாடி ஒண்ணு ஓடிட்டே இருக்குதுக்கா. ஸ்க்ரீனைப் போட்டோ புடிச்சுப் புடிச்சு எங்கியோ அனுப்புது. அடிக்கற எழுத்தும் போகுது. சில கம்பெனில ஊட்லருந்து வேலை செய்யறவங்களுக்கு இப்படிப் போட்டுடுவாங்க, தூங்கறாங்களா வேலை செய்யறாங்களான்னு பாக்க. உங்களுக்கு ஆபீஸ் லேப்டாப்பாக்கா?"

"ஆமாங்க. ஆபீஸ்தான்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. நாக்கு தானாகச் சொல்லிவிட்டது.

"மோசமான ஆபீஸா இருக்கும் போலிருக்கே! லீவாவது குடுக்கறாங்களா?"

நான் கீரையைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். எஸ்.எஸ்.டி. பற்றிக் கேட்டேன். குச்சி போட இடம் இருக்கிறது, அதுதான் வேகம் என்றார். குளோன் எடுத்தால் அந்தப் புரோகிராமும் சேர்ந்து வந்துவிடுமா என்று கேட்டேன்.

"அச்சு அசலா வரும். இப்ப இதைவிட நல்லா ஓடும். உங்க ஆபீஸ்காரருக்குக் கொண்டாட்டம்தான்."

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

வீட்டுக்குள் நுழையும்போது போனில் ஒன்பது அழைப்புகள். பத்தாவது வந்துகொண்டிருந்தது.

"எங்க போயிருந்த?"

"மாவு மில்லுக்குங்க." ஃபெரோஸின் கேலிதான் வாயில் வந்தது. "தீபாவளிக்கு முறுக்கு மாவு."

"லேப்டாப் கூடவா ஆஃப் ஆயிருச்சு?"

"கரன்ட் இல்லீங்க."

சாதாரணமாக, "சரி, முறுக்குல எள்ளு நெறையப் போடு" என்றார்.

வைத்த பிறகு அரிசியையும் உளுந்தையும் எடுத்துக்கொண்டு நிஜமாகவே மில்லுக்குப் போனேன். மாவு வீட்டில் இருக்க வேண்டுமே.

அக்டோபர் 14, செவ்வாய்

தலைவலி. ஒன்றும் செய்யவில்லை. லேப்டாப் மூடியின் மேலே உள்ள சின்னக் கேமராக் கண்ணில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினேன். பயந்து உடனே எடுத்துவிட்டேன்.

அக்டோபர் 15, புதன்

ஃபெரோஸ் தப்பாகச் சொல்லியிருக்கலாம். கடைக்காரர்கள் வியாபாரத்துக்கு எதையாவது சொல்வார்கள். அப்படியே இருந்தாலும், அனுப்புவது யாருக்கு என்று அவருக்கு எப்படித் தெரியும்? நான் கணக்குக்காரி. நிரூபிக்காமல் எதையும் எழுதக் கூடாது.

காலையில் ஒரு புது ஃபைல் திறந்து இரண்டு வரி அடித்தேன். 'கீழ்க் கடைவாய்ப் பல் ராத்திரி முழுக்க வலி. தாரணிக்குத் தெரிந்தால் பயப்படுவாள். அவரிடமும் சொல்ல வேண்டாம்.' சேமிக்காமல் மூடினேன். எனக்குப் பல் வலி இல்லை. இந்த வார்த்தைகளை வாய்விட்டு யாரிடமும் சொல்லவில்லை, முணுமுணுக்கக்கூட இல்லை. பிறகு கடலைமாவு சலித்தேன், ஜன்னல் திரைகளை ஊறவைத்தேன். எல்லா வேலையும் செய்தேன்.

சாயந்திரம் போன். தீபாவளிக்குத் தாரணிக்கு வாங்கிய சுடிதாரைப் பற்றிச் சொன்னார். அவர் தம்பி பிரபாகரன் காரில் ஏர்போர்ட்டுக்கு வருவதைப் பற்றிச் சொன்னார். நான் காதை அழுத்தி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசி வரை ஒன்றுமில்லை. எனக்கு அழுகை வரும்போல இருந்தது, சந்தோஷத்தில். எவ்வளவு கெட்டவள் நான், சந்தேகப்பட்டேனே என்று.

"சரி அம்மிணி, வெக்கட்டுமா? பல்லு எப்படி இருக்குது இப்ப?"

"எந்தப் பல்லுங்க?"

சின்னதாக ஒரு சிரிப்பு.

"நீதான சொன்ன, வலிக்குதுன்னு?"



"ஆமாங்க" என்றேன். "கொஞ்சம் பரவால்லீங்க."

அக்டோபர் 16, வியாழன்

ராத்திரி தூங்கவில்லை. படுத்தபடியே பழையதையெல்லாம் வரிசைப்படுத்திப் பார்த்தேன். போன வருடம் ஒரு பள்ளியில் கூப்பிட்டுவிட்டு, 'நீங்களே வேண்டாம்னுட்டீங்களே மேடம்' என்றார்கள். நான் மறந்துபோய் ஏதோ சொல்லிவிட்டேன் என்றே நினைத்திருந்தேன். எனக்கு ஞாபகமறதி வந்துவிட்டது என்று அவர் டாக்டரிடம்கூடச் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

பதினெட்டுக்குள் எழுதாவிட்டால் இந்த வேலையும் போய்விடும். அதுவும் நானே வேண்டாம் என்றதாகத்தான் போகும்.

மாவு மில்லுக்குப் போகிறேன் என்று முதலிலேயே போன் செய்து சொல்லிவிட்டு, லேப்டாப் ஓடிக்கொண்டிருக்க, போனைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். பஸ்ஸில் பின்னால் இருப்பவர்கள் எல்லாரும் என் பையையே பார்ப்பதுபோல இருந்தது.

ஃபெரோஸ் குச்சியை எடுத்து வைத்தார்.

"பெட்டி குடுங்க" என்றேன்.

"அக்கா, அது வேகம் கம்மி. யாரும் இப்ப அதை வாங்கறதில்லை. குச்சின்னா பழசும் உள்ள இருக்கும், இதுவும் இருக்கும். ரெண்டு டிஸ்க்கு!"

"அந்தக் குச்சியை வாங்கியார வீட்ல ஆள் இருக்குதுங்க. எனக்குப் பெட்டிதான் வேணும். அதுக்கு ஒரே இடம்தான?"

"ஒரே இடம்தான். பழசு எந்திரிச்சாத்தான் இது உக்காரும்."

"அதான் வேணும்."

என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். மேலே கேட்கவில்லை. பெட்டியை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். லேப்டாப்பைக் கொண்டுவந்தால் அரை மணியில் தானே போட்டுத் தருவதாகச் சொன்னார். நானே போட்டுக்கொள்கிறேன் என்றேன். ஸ்க்ரூடிரைவர் ஒன்றும், விண்டோஸ் புதிதாகப் போடுகிற பென்டிரைவ் ஒன்றும் கேட்டேன்.

"குளோன்தான எடுக்கப்போறீங்க? அப்ப பென்டிரைவ் எதுக்கு?"

"குளோன்தாங்க. எதுக்கும் இருக்கட்டும்."

"புதுசாப் போட்டா உங்க ஆபீஸ்காரர் சத்தம் போட மாட்டாரா?"

"அவரு சத்தமே போட மாட்டாருங்க" என்றேன். அது உண்மைதான்.

காசாகக் கொடுத்துவிட்டு வந்தேன். பெட்டி இப்போது கடலைமாவுக்குள் இருக்கிறது.

அக்டோபர் 17, வெள்ளி

முறுக்கு சுட்டேன். இரண்டாவது ஈடு கருகிவிட்டது. தாரணி, "அப்பாவுக்குன்னா இப்படியா? தங்கமா வரோணுமே!" என்று கிண்டல் செய்தாள். அவளுக்கு அப்பா என்றால் உயிர். அதையும் நினைக்கிறேன். அவள் போனும் அவர் தயார் செய்ததுதான் என்பதையும் நினைக்கிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். வெளிநாட்டிலிருந்து வருகிறவரை அழைக்க வீட்டுக்காரி ஏர்போர்ட் போகக் கூடாது. சமைத்து வைத்து, ஆரத்தித் தட்டோடு வாசலில் நிற்க வேண்டும். மாமியார் காலத்திலிருந்து அப்படித்தான். எத்தனையோ தடவை தாரணி மட்டும் சித்தப்பாவோடு போய் அப்பாவை முதலில் பார்த்துவிட, நான் வீட்டில் தனியாக ஆரத்தி கரைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். வருத்தமாக இருக்கும். நாளைக்கும் அப்படித்தான். பிரபாகரன் காலையிலேயே வந்து தாரணியைக் கூட்டிப்போகிறார்.

சற்று முன் அவர் பேசினார். பெட்டி கட்டியாகிவிட்டதாம்.

"காலைல ஏறறேன். மேல போயிட்டா நாலு மணி நேரம் ஒண்ணும் பாத்துக்க முடியாது. பத்திரமா இருங்க."

"சரிங்க."

"குச்சி வாங்கிட்டேன். வந்ததும் மொத வேலை உன் லேப்டாப்தான்."

"சரிங்க."

"என்ன எல்லாத்துக்கும் சரிங்க? சந்தோசமில்லையா நான் வாரது?"

"இருக்குதுங்க" என்றேன். குரல் நடுங்காமல் வந்தது.

அவர் கை நீட்டியதில்லை என்று ஞாயிற்றுக்கிழமை எழுதியிருக்கிறேன். திருத்த வேண்டும். அவர் கை நீட்ட வேண்டிய அவசியம் இதுவரை வந்ததில்லை. நாளை சாயந்திரம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. பெரியம்மா வீட்டு நம்பரைத் தாரணியின் கணக்கு நோட்டுக் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன், கேட்டால் ஏதோ விடை என்று சொல்லலாம்.

ஃபெரோஸிடம் குளோன் என்றேன். அவரிடம் சரிங்க என்றேன். தாரணியிடம் ஒன்றும் சொல்லவில்லை. இங்கே மட்டும் எழுதுகிறேன்.

விமானம் ஏறிவிட்டது என்று பிரபாகரனுக்குத் தகவல் வரும். அவர்கள் கார் தெருமுனை திரும்பியதும் கதவைத் தாழிட்டு லேப்டாப்பைக் கவிழ்ப்பேன். எட்டு ஸ்க்ரூ. பழைய டிஸ்க்கைக் கழற்றுவேன், ஆனால் உடைக்க மாட்டேன். அவர் இத்தனை நாள் என்ன செய்தார் என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி. கேழ்வரகு டப்பாவுக்குள் இந்த டைரி இருந்த இடத்தில் அது இருக்கும், டைரி என் பைக்கு வந்துவிடும். அந்தக் காலி இடத்தில் பெட்டியை உட்காரவைப்பேன். குளோன் எடுக்கப்போவதில்லை. விண்டோஸை வெறுமையாக, முதலிலிருந்து போடுவேன். புது மெயில் ஒன்று ஆரம்பித்து வளர்மதிக்கு அந்த ஒரு வரியை மறுபடி அடிப்பேன், கடைசி எழுத்து நிற்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புவேன். பிறகுதான் ஆரத்தி கரைப்பேன்.

புதிதாகப் போடும்போது ஒரு கடவுச்சொல் கேட்குமாம். இந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் அவர் பிறந்த நாள்தான் கடவுச்சொல். வேறொன்று யோசித்துவிட்டேன். அதை இந்த டைரியில்கூட எழுதப்போவதில்லை.